எட்டு ரப்பர் வளையங்கள்: பழைய அம்பாசடர் எஞ்சினில் வால்வு சீல் மாற்றுதல்

பழைய பெட்ரோல் கார் ஒன்று நீலப் புகை விடத் தொடங்கியதும் பட்டறைகளில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, போர் போட வேண்டும், எஞ்சினை இறக்கி முழுவதும் பிரிக்க வேண்டும் என்பதுதான். இந்த முடிவு பல நேரங்களில் சரியாகவே இருக்கும். ஆனால் எஞ்சினின் கீழ்ப்பகுதி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையில் இருக்க, மேற்பகுதியில் வால்வுத் தண்டுகளைச் சுற்றியுள்ள சிறிய ரப்பர் சீல்கள் மட்டும் கெட்டிப்பட்டு, அவற்றின் வழியே கசியும் எண்ணெய்தான் புகையாக வெளியேறுகிறது என்ற நிலையும் உண்டு. இரண்டிலும் எரிவது எஞ்சின் ஆயில்தான். புகையின் நிறமும் ஒன்றுதான். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர், சில மணி நேர வேலையில் தீரக்கூடிய குறைக்குப் பெருஞ்செலவு செய்ய நேரலாம். அல்லது சீலை மாற்றிவிட்டுப் புகை நிற்கவில்லையே என்று ஏமாறலாம்.

இந்த வேலையை விளக்குவதற்கு அம்பாசடர் பொருத்தமான எடுத்துக்காட்டு. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரித்த இந்த வண்டி, தமிழ்நாட்டில் டாக்சியாகவும் அரசு அதிகாரிகளின் வாகனமாகவும் நீண்ட காலம் ஓடியது; இன்றும் ஆர்வலர்களின் வீட்டு முற்றங்களில் பராமரிக்கப்படுகிறது. தொடக்கத்தில் இதில் 1476 கன சென்டிமீட்டர் பக்கவால்வு எஞ்சின் இருந்தது. பின்னர் பி-சீரிஸ் எனப்படும் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. 73.025 மில்லிமீட்டர் விட்டமும் 88.9 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட நான்கு சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு வால்வுகள், கீழே பிளாக்கிலேயே அமைந்த கேம் தண்டு என இதன் அமைப்பு மிக எளிமையானது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழையத் தாராளமான இடமும் இருக்கும். பிற்காலத்தில் இதே காரில் பொருத்தப்பட்ட இசுசு எஞ்சினின் அமைப்பு வேறு. இங்கே கூறப்படுவது அதற்குப் பொருந்தாது.

கோளாறு எங்கே பிறக்கிறது என்பதை அறிய, எண்ணெய் செல்லும் வழியை அறிய வேண்டும். சுழலும் கேம் தண்டு, டாப்பெட் எனப்படும் சிறு கிண்ணத்தை உயர்த்துகிறது. டாப்பெட்டின் மேல் நிற்கும் புஷ் ராடு என்ற நீண்ட கம்பி, சிலிண்டர் ஹெட்டின் மேலுள்ள ராக்கரின் ஒரு முனையைத் தள்ளுகிறது. ராக்கரின் மறுமுனை வால்வுத் தண்டின் தலையை அழுத்த, ஸ்பிரிங் சுருங்கி வால்வு திறக்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இவ்வளவு வேகமாக உரசும் ராக்கர்களுக்கு எண்ணெய் தேவை என்பதால், ராக்கர் தண்டைத் தாங்கும் கால்களில் ஒன்றின் துளை வழியே ஆயில் மேலேற்றப்பட்டு, ராக்கர்களில் கசிந்து, ஸ்பிரிங்குகளை நனைத்துக்கொண்டு கீழே வடிகிறது. வால்வுத் தண்டு மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் உலோகக் குழலுக்கு வால்வு கைடு என்று பெயர். தண்டுக்கும் கைடுக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். வடியும் எண்ணெய் அந்த இடைவெளியில்தான் இறங்கப் பார்க்கிறது.

இறங்கும் எண்ணெயைப் புவியீர்ப்பு மட்டும் இழுப்பதில்லை. பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வின் அடிப்புறம் உறிஞ்சு குழாய்க்குள் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில் கார்புரேட்டரின் தகடு மூடியிருப்பதால், அக்குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மேலே வளிமண்டல அழுத்தம், கீழே பகுதி வெற்றிடம் என்ற நிலையில் கைடுக்குள் வரும் எண்ணெய் உறிஞ்சப்பட்டு, பெட்ரோலோடு சேர்ந்து சிலிண்டருக்குள் எரிகிறது. எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் பக்கத்தில் இந்த உறிஞ்சல் பெரிதாக இல்லை. அங்கே கசிவு ஓரளவுதான். பழைய பக்கவால்வு எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் தலைகீழாக அமைந்து, ஸ்பிரிங்குகள் கீழே இருந்தன. எண்ணெய் மேலிருந்து அவற்றின் மீது வடிய வழியில்லை. வால்வுகளை ஹெட்டுக்கு ஏற்றி எஞ்சினின் ஆற்றலைக் கூட்டிய மாற்றத்தோடு வந்து சேர்ந்த தொல்லைதான் இது.

இதைத் தடுக்க பி-சீரிஸ் எஞ்சினில் அமைந்த ஏற்பாடு மிகச் சிக்கனமானது. பிற்கால எஞ்சின்களில் கைடின் தலையில் தொப்பி போலப் பொருந்தி, உதடு போன்ற விளிம்பால் தண்டைத் துடைக்கும் சீல்கள் வந்தன. இதிலோ ஸ்பிரிங்கின் மேல் மூடிக்குள், வால்வுத் தண்டை இறுகப் பற்றி நிற்கும் ஒரு சிறிய ரப்பர் வளையம் மட்டுமே. ஸ்பிரிங் மூடிக்கும் தண்டுக்கும் நடுவே எண்ணெய் வழிந்து இறங்காதபடி அது அடைத்துக்கொள்கிறது. எண்ணெயை முற்றிலும் தடுப்பதும் அதன் வேலையன்று. தண்டு கைடுக்குள் உரசாமல் வழுக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். ஒரு சொட்டும் இறங்காவிட்டால் கைடு விரைவில் தேய்ந்துவிடும். பிற்காலத் தொப்பிச் சீல்களை இந்த எஞ்சினின் எட்டு வால்வுகளுக்கும் பொருத்திவிட்டால் எண்ணெய்ச் செலவு மேலும் குறையும் என்று கருதுவோர், குறிப்பாகச் சூடு மிகுந்த எக்ஸாஸ்ட் வால்வுகள் வறண்டுபோகும் அபாயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சீல் கெடுவதற்கு ஓட்டம் மட்டுமே காரணமல்ல. பழைய சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனவை. ஏறக்குறைய 100 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் நெடுங்காலம் இருந்தால் இந்த ரப்பர் மெல்ல மெல்ல இறுகி, மீள்தன்மையை இழந்து, விரலால் அழுத்தினாலே உடையும் நிலைக்கு வந்துவிடும். ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் கொட்டகையில் நிற்கும் வண்டியிலும் காலமே இதைச் செய்துவிடும். ஆகவே குறைவாக ஓடிய வண்டி என்பதற்காக அதன் சீல் நன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. வைட்டான் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் ஃப்ளூரோ ரப்பர் ஏறக்குறைய 200 டிகிரி வரை தாங்கும் என்பதால், அதே அளவில் அவ்வகை வளையம் கிடைத்தால் அதை வாங்குவதே மேல்.

இனி, புகை சீலால் வருகிறதா, ரிங்கால் வருகிறதா என்பதைப் பிரித்தறியும் வழி. இதில் புகையின் நிறத்தைவிட அது வரும் நேரம் அதிகம் பேசும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப் புகை வந்து சிறிது நேரத்தில் அடங்கினால், இரவில் தண்டு வழியே இறங்கித் தேங்கிய எண்ணெய் எரிகிறது என்று பொருள். உதகையிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் கியரிலேயே நெடுந்தூரம் இறங்கிவிட்டு, சமதளத்தில் மீண்டும் மிதித்தவுடன் பின்னால் புகைமண்டலம் எழுந்தால், இறக்கம் முழுவதும் உறிஞ்சு குழாயின் வெற்றிடம் கைடு வழியே எண்ணெயை இழுத்திருக்கிறது. இதுவே வால்வுப் பக்கக் கசிவின் உறுதியான அடையாளம். நெடுநேரம் சிக்னலில் நின்று கிளம்பும்போது வரும் புகையும் அவ்வகையே. மாறாக, மேட்டில் ஏறும்போதும் சுமையோடு வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து புகை வந்தால் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் சந்தேகிக்க வேண்டும். கருப்புப் புகை பெட்ரோல் மிகுதியையும், நிற்காமல் வரும் வெண்புகை தண்ணீர்க் கசிவையும் காட்டும். அவற்றுக்கும் சீலுக்கும் தொடர்பில்லை.

சாலையில் கண்டதைக் கருவியால் உறுதிசெய்துகொள்வது நல்லது. ஸ்பார்க் பிளக்கின் துளையில் பொருத்தி, சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் பெரிய விலையுள்ள பொருளல்ல. நான்கு சிலிண்டர்களையும் அளந்து குறித்துக்கொண்டு, அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு குறிப்பிடத்தக்க வகையில் உயர்ந்தால், எண்ணெய் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது, அதாவது ரிங் தேய்ந்திருக்கிறது. நான்கிலும் அளவு நன்றாகவும் ஏறக்குறைய சமமாகவும் இருந்து, ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பீறிட்டு வராமலும் இருந்தால், கீழ்ப்பகுதியைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து எழுவது ஹெட்டைக் கழற்றுவதா, வேண்டாமா என்ற கேள்வி. பல எஞ்சின்களில் ஹெட் தன் இடத்தில் இருக்கும்போதே ஸ்பிரிங்கை அழுத்திச் சீலை மாற்றிவிடலாம். பி-சீரிஸிலும் அது முடியும். ஆனால் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பொதுவான விளக்கங்களைப் படித்துவிட்டு இறங்குபவர் அதில்தான் சிக்கிக்கொள்வார். ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் 11 ஸ்டட்களில் நான்கு, ராக்கர் தண்டைத் தாங்கும் கால்களின் ஊடாகவே மேலே வருகின்றன. எனவே ராக்கரைக் கழற்றினால் ஹெட்டின் நான்கு நட்டுகளும் கழன்றுவிடுகின்றன. மற்ற ஏழும் இறுக்கமாக இருக்க இவை நான்கு மட்டும் தளர்ந்தால் ஹெட் கோணிக்கொள்ளக்கூடும், சுற்றியுள்ள தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் இறங்கக்கூடும். இதனால் ராக்கரை எடுக்கும் முன்பே ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, 11 நட்டுகளையும் உரிய வரிசையில் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். அப்படித் தளர்த்திய பிறகு பழைய ஹெட் கேஸ்கெட் மீண்டும் சரியாகப் பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. அண்மையில் போட்ட கேஸ்கெட் என்றால் ஹெட்டை எடுக்காமல் வேலையை முடிக்கலாம். கேஸ்கெட்டின் வயதே தெரியாத வண்டியில், புதியது ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஹெட்டை முழுவதும் இறக்குவதே அறிவுடைமை. வார்ப்பிரும்பு ஹெட் கனமானது, தூக்க இருவர் வேண்டும். ஆனால் மேசை மேல் வைத்து வேலை செய்யும் வசதியும், கைடின் தேய்மானத்தைச் சரியாக அளக்கும் வாய்ப்பும், கரியைச் சுரண்டி வால்வுகளைக் கிரைண்டிங் செய்யும் வாய்ப்பும் அதனால் கிடைக்கின்றன.

ஹெட்டை எடுக்காமல் செய்யும் முறையே வீட்டில் பெரிதும் விரும்பப்படுவது என்பதால் அது இங்கே விரிவாகக் கூறப்படுகிறது. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, தண்ணீரை வடித்து, ஏர் கிளீனரையும் ராக்கர் கவரையும் எடுத்தபின், மேலே சொன்ன முறையில் நட்டுகளைத் தளர்த்தி ராக்கர் தண்டை அதன் கால்களோடு ஒரே தொகுதியாகத் தூக்கி வைக்க வேண்டும். புஷ் ராடுகளை வெடுக்கென்று இழுக்காமல், சற்றுத் திருகி டாப்பெட்டிலிருந்து விடுவித்து எடுப்பது முறை. இல்லாவிட்டால் எண்ணெயின் பிடிப்பில் டாப்பெட்டும் சேர்ந்து எழுந்துவிடும். ஒவ்வொரு ராடும் தன் ராக்கரோடும் டாப்பெட்டோடும் தேய்ந்து பழகியிருப்பதால், அட்டையில் எட்டுத் துளையிட்டு எண் எழுதி அதே வரிசையில் செருகி வைக்க வேண்டும். பிறகு ஹெட்டின் மேலுள்ள எல்லாத் துளைகளையும் சுத்தமான துணியால் அடைப்பது இந்த வேலையில் தவறவே விடக் கூடாத படி. ஸ்பிரிங் மூடியைத் தண்டோடு பூட்டி நிறுத்தும், இரண்டாகப் பிளந்த சிறு கூம்பு வடிவத் துண்டுகளுக்குப் பட்டறையில் வால்வு லாக் என்று பெயர். நகத்தளவே உள்ள ஒரு லாக் புஷ் ராடு துளைக்குள் விழுந்தால், அதை மீட்க ஆயில் சம்பைக் கழற்ற வேண்டிவரும்.

ஸ்பிரிங்கை எடுத்ததும் வால்வைத் தாங்க எதுவும் இல்லாததால் அது கீழே இறங்கிவிடும். அதைத் தடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, பிளக் துளையில் குழாய் மாட்டிக் காற்றழுத்தம் கொடுப்பது. இதற்குக் கம்ப்ரெஸர் வேண்டும், பிஸ்டன் மேல் எல்லையில் மிகச் சரியாக நிற்காவிட்டால் காற்று எஞ்சினையே சுழற்றிவிடும். மற்றது கயிற்று முறை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, வேலை செய்ய வேண்டிய சிலிண்டரின் பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கி, பிளக் துளை வழியே நூலிழை பிரியாத மெத்தென்ற கயிற்றை ஒரு மீட்டர் அளவுக்கு உள்ளே செலுத்தி, நுனியை வெளியே விட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஸ்டார்ட்டிங் ஹேண்டில் உள்ள அம்பாசடரில் இது ஒரு நொடி வேலை. மேலேறும் பிஸ்டன் கயிற்றை வால்வுகளோடு அழுத்தி நின்றுவிடும். அந்த நிலையில் டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் எஞ்சின் அசையாது. செலவில்லாத, ஓசையில்லாத, ஆபத்துக் குறைந்த இந்த முறையே வீட்டுக்கு ஏற்றது. முதல் சிலிண்டரும் நான்காவதும் ஒன்றாகவும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவும் ஏறி இறங்கும் என்பதை நினைவில் கொண்டால் சுற்றும் வேலை பாதியாகும்.

நெடுங்காலம் ஒரே இடத்தில் இருந்த லாக், மூடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியின் மேல் பொருத்தமான பாக்ஸ் ஸ்பேனரை வைத்து மரச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் விடுபடும். கண்ணாடி அணிந்துகொண்டு, ராக்கர் ஸ்டட்டில் மாட்டி அழுத்தும் நெம்புகோல் வகைக் கருவியால் ஸ்பிரிங்கை அழுத்தி, காந்தக் குச்சியால் லாக்குகளை எடுக்க வேண்டும். லாக்கைச் சுற்றிக் கம்பி வளையம் இருந்தால் அதை முன்னதாகவே கழற்ற வேண்டும். பழைய ரப்பர் வளையம் முழுதாக வந்தால் நல்லது. உடைந்து வந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி எடுக்க வேண்டும்; ஆயில் பம்ப்பின் வலையில் அவை சேரக் கூடாது.

இந்த நிலையில் ஒரு நிமிடம் நின்று கைடைச் சோதிக்காதவர் மொத்த வேலையையும் வீணாக்கும் வாய்ப்பு உண்டு. பிஸ்டன் மேலே நிற்பதால் வால்வு சில மில்லிமீட்டர் மட்டுமே இறங்கும், முழுவதும் விழாது. கயிற்றைச் சற்றுத் தளர்த்தி, வால்வைச் சிறிது இறக்கி, தண்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். நல்ல கைடில் அசைவு கைக்கு எட்டியும் எட்டாததுமாக இருக்கும். ஆடும் பல் போலத் தண்டு தெளிவாக அசைந்தால் கைடு தேய்ந்திருக்கிறது. அதன் மேல் எத்தனை புதிய சீல் போட்டாலும் சில மாதங்களில் புகை திரும்பும். அப்போது ஹெட்டை இறக்கி லேத்துப் பட்டறையில் கைடு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சீல் மாற்றியும் பயனில்லை என்று கைவிடப்படும் வண்டிகளில் பலவற்றின் கதை இந்தச் சோதனையைத் தவிர்த்ததில்தான் தொடங்குகிறது.

புதிய வளையத்தைச் சுத்தமான எஞ்சின் ஆயிலில் சிறிது நேரம் ஊறவைத்துப் பொருத்துவது எளிது. வரிசைதான் முக்கியம்: முதலில் ஸ்பிரிங்கும் மூடியும் வைத்து அழுத்தியபின்பே, வளையத்தைத் தண்டின் தலை வழியே இறக்கி, லாக் உட்காரும் பள்ளத்திற்குக் கீழே நிறுத்த வேண்டும், அதன்பின் லாக். வளையத்தை முதலில் போட்டுவிட்டு மூடியை அழுத்தினால் அது நசுங்கிக் கிழிந்துவிடும். லாக்கின் உட்புறம் சிறிது கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டி நிற்கும். கருவியை மெதுவாகத் தளர்த்தி, லாக்குகள் இரண்டும் சமமாக உட்கார்ந்தனவா என்று பார்த்து, தண்டின் தலையில் இலேசாக ஒரு தட்டுத் தட்டி உறுதிசெய்துவிட்டு, கயிற்றை உருவி அடுத்த சிலிண்டருக்குப் போகலாம்.

திரும்பப் பூட்டும்போது புஷ் ராடுகள் டாப்பெட்டின் குழியில் சரியாக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ராக்கரின் திருகுகளைத் தளர்த்திய நிலையில் தொகுதியை இறக்கி, 11 நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கையின் கணக்கில் இறுக்குவது இந்த இடத்தில் கூடாது. அடுத்து ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலான டாப்பெட் இடைவெளி. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு கொண்ட இவ்வகை எஞ்சினில் ஒன்பதின் கணக்கு உதவும்: எட்டாவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது முதல் வால்வையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும், இப்படி இரண்டின் கூட்டுத்தொகை ஒன்பது வருமாறு ஃபீலர் கேஜால் சரிசெய்ய வேண்டும். தண்ணீர் நிரப்பி எஞ்சினை ஓட்டி ஆறவிட்டபின் தண்ணீர் அளவையும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் நட்டுகளின் இறுக்கத்தையும் டாப்பெட் இடைவெளியையும் மறுபடி பார்ப்பது அவசியம்.

முதல் ஓட்டத்திலேயே புகை நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. சைலன்சருக்குள் ஆண்டுக்கணக்கில் படிந்த எண்ணெய் எரிந்து தீரும் வரை புகை இருக்கும். நம்பத்தக்க அளவுகோல் டிப் ஸ்டிக்தான்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின், ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் ஆயில் அளவைப் பார்த்து எழுதி வர வேண்டும். 2000 கிலோமீட்டர் ஓடியும் அளவு பெரிதாக இறங்காவிட்டால் வேலை நிறைவேறியது. முன்போலவே இறங்கினால், இரண்டாவது முறை சீல் வாங்காமல் ஹெட்டை இறக்கி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.